ஒளிபரப்பாகாத இருதயராஜ்

தாழ்ப்பாள் விழுந்த சத்தம் கேட்டது, அப்படியென்றால் சும்மா சாத்தவில்லை, பூட்டிக்கொண்டேவிட்டாள். உள்ளே ஜெசிந்தா, அவள் மடியில் லேப்டாப், லேப்டாப்புக்குள் அவள் தவழ்ந்துகொண்டிருந்த காலத்தில் எடுத்து எந்த டிவியிலும் வராமலே போன அந்தக் காமெடி எபிசோட். வெளியே சமையலறையில், பிளாஸ்டிக் ஸ்டூலில், பூண்டுத் தட்டை மடியில் வைத்துக்கொண்டு நான். "நான் தனியா பாக்கணும் பெரியப்பா, முடிஞ்சதும் நானே வரேன், நடுவுல யாரும் கதவைத் தட்டாதீங்க." தட்டமாட்டேன் கண்ணு, எனக்கென்ன பைத்தியமா, முடிந்தால் இப்படியே செருப்பை மாட்டிக்கொண்டு வளசரவாக்கத்தை விட்டே போய்விடுவேன், ஆனால் வாசலுக்குப் போக அந்த அறையைத் தாண்டியாக வேண்டும், தாண்டும்போது முழங்கால் சத்தம் போடும், என் முழங்கால் போடுகிற சத்தத்துக்குத் தெருநாயே திரும்பிப் பார்க்கிறது. குக்கரில் ஆட்டுக்கறி. அடுப்படியில் அமலி, ஜெசிந்தாவின் அம்மா, என் பக்கம் முதுகைக் காட்டிக்கொண்டு கொத்தமல்லி நறுக்குகிறாள். அந்த முதுகு சிரிக்கிறதா திட்டுகிறதா என்று தெரியவில்லை. இருபது நிமிஷத்துச் சொச்சம்தான் மொத்தப் படமும், விளம்பரத்துக்கு விட்ட இடைவெளியைக் கழித்தால் இன்னும் குறைவு, அதற்குள் நான் ஏதாவது யோசித்தாக வேண்டும், ஏனென்றால் அந்த எபிசோடின் கதாநாயகன் உன் அப்பா இருதயராஜ்தான் என்று நான் அந்தப் பெண்ணுக்குச் சொல்லி வளர்த்திருக்கிறேன், இருதயராஜோ வாழ்நாளில் கேமராவுக்கு முன்னால் நின்றதே இல்லை. கேமராவுக்குப் பக்கத்தில், வெளிச்சம் விழாத இடத்தில் நிற்பான். பார்க்க வந்து உட்கார்ந்திருக்கும் ஜனங்களைப் பார்த்துக் கையைத் தூக்குவான், தூக்கினால் அவர்கள் கைதட்டிச் சிரிக்க வேண்டும், இறக்கினால் நிறுத்த வேண்டும். அதுதான் வேலை. செட்டில் அவனுக்குப் பெயரே கைதட்டு இருதயம்.

டைட்டில் மியூசிக் கேட்கிறது. அதே டண்டணக்கா. பைலட் என்று சொல்வார்கள் அதை. தொடர் தொடங்கும் முன்னால் சேனல்காரர்களுக்குப் போட்டுக் காட்டுகிற மாதிரி எபிசோட், பெண் பார்க்க வருகிறவர்களுக்கு முன்கூட்டியே அனுப்புகிற போட்டோ மாதிரி, எங்கள் போட்டோவைப் பார்த்தவர்கள் பஜ்ஜியைக்கூடத் தொடாமல் எழுந்து போய்விட்டார்கள். 'எங்க வீட்டு எலிமினேஷன்' என்று பெயர், வைத்தவன் நான், கதை வசனமும் நான், தாத்தா வேஷமும் நான். அப்போது ஊரில் எந்த சேனலைத் திருப்பினாலும் ஒன்று கூட்டுக்குடும்பம் கூடத்தில் உட்கார்ந்து ஜோக் அடிக்கும், இல்லை மூன்று நடுவர்கள் உட்கார்ந்து யாரையாவது வீட்டுக்கு அனுப்புவார்கள். இரண்டையும் பிடித்து ஒரே சட்டியில் போட்டேன். கூட்டுக்குடும்பம்தான், ஆனால் வாரம் ஒருவரை ஓட்டுப்போட்டு வீட்டைவிட்டு வெளியே அனுப்ப வேண்டும். நடுவர்கள் மூன்று பேரும் பரண்மேல் உட்கார்ந்திருப்பார்கள், மருமகள் சாம்பார் ஊற்றினால் இடி இடிக்கும், அதே கரண்டியை மூன்று கோணத்தில் காட்டுவார்கள், ஒரு நடுவர் பெருங்காயம் பத்தவில்லை என்று குலுங்கிக் குலுங்கி அழுவார், இன்னொருவர் எழுந்து ஆடுவார். மகன் மனசில் இருப்பதைச் சொல்ல வேண்டுமென்றால் கக்கூஸுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு கேமராவிடம் சொல்லுவான், வெளியே மாமனார் வாளியோடு காத்துக்கொண்டிருப்பார். நல்ல சரக்குதான். இப்போது நினைத்தாலும் நல்ல சரக்குதான். வெளியே வரவில்லை, அவ்வளவுதான். வராமல் போனதற்கு நான் இந்த ஊரில் எத்தனை காரணம் சொல்லியிருப்பேன். சேனல் முதலாளி சிரித்துச் சிரித்துக் குடல் இறங்கி ஆஸ்பத்திரியில் கிடந்தார் என்று டீக்கடையில் சொன்னேன். டெல்லியிலிருந்து போன் வந்தது, நிறுத்து என்றார்கள் என்று வாக்கிங் போகிற இடத்தில் சொன்னேன், அதை நம்பி ஒரு ரிட்டயர்டு தாசில்தார் அரசாங்கத்தைத் திட்டிக்கொண்டே மூன்று சுற்று கூடுதலாக நடந்தார். ஒளிபரப்பாகாத சரக்கில் அது ஒரு சௌகரியம். யாரும் பார்த்ததில்லை, இனிமேலும் பார்க்கப்போவதில்லை, பொய்யை வைத்துப் பூட்ட அதைவிடப் பத்திரமான பெட்டி உலகத்திலேயே கிடையாது என்று நினைத்திருந்தேன். நானே முழுசாகப் பார்த்ததில்லையே. எடிட் செய்ததைச் சேனல்காரர்களுக்கு மட்டும்தான் போட்டார்கள், அப்புறம் டைரக்டர் மதிவாணன் துபாய்க்குப் போய்விட்டான், கேசட் எங்கேயோ போய்விட்டது. எங்கேயும் போகவில்லை. காலேஜில் இவளோடு படிக்கிற பெண்ணின் அப்பாதான் அந்த எடிட்டராம், கடையைக் காலி பண்ணும்போது அலமாரிக்குப் பின்னால் கிடந்ததாம், அதை லேப்டாப்பில் ஏற்றிக் கொடுத்துவிட்டாராம். இவள் காலையில் போன் பண்ணி, "மத்தியானம் சாப்பிட வாங்க பெரியப்பா, ஒரு சர்ப்ரைஸ் இருக்கு" என்றபோது, சர்ப்ரைஸ் என்றால் கறிக்குழம்பு என்று நினைத்துக்கொண்டு பஸ் ஏறிவிட்டேன்.

"பூண்டை உரிக்கச் சொன்னேன், பிசையச் சொல்லலை" என்கிறாள் அமலி, திரும்பாமலே. முதுகில் கண் வைத்திருக்கிறாள். "அமலி, டைட்டில்ல ஹீரோ பேரு போடுவாங்களா?" "எனக்கென்ன தெரியும், எழுதுனது நீங்க." "நீயாவது முன்னாடியே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம் அவகிட்ட." இப்போது திரும்பினாள், கையில் கத்தி. "நானா? நல்லாருக்கே அண்ணே. நான் கட்டிக்கிட்டது கைதட்டச் சொல்ற ஆளைத்தான். எங்கப்பா லால்குடியிலேர்ந்து விசாரிக்க வந்தப்ப, மாப்பிள்ளை என்ன வேலைன்னு கேட்டாரு, கையத் தூக்குற வேலைன்னு அவரே சொன்னாரு, எனக்கு அது போதுமா இருந்துச்சு. அவரை ஹீரோ ஆக்குனது நீங்க. குதிரையில ஏத்துனது நீங்க. நீங்களே எறக்குங்க." குதிரை. அடப்பாவி, குதிரையை மறந்தே போனேன். அவன் மழைக்காலத்துக் காய்ச்சலில் போய்ச் சேர்ந்து, வருஷங்கள் ஓடி, இந்தப் பெண் ஒன்றாம் வகுப்போ இரண்டாம் வகுப்போ, கிறிஸ்துமஸுக்கு நான் கேக் வாங்கிக்கொண்டு வந்திருந்தபோது கேட்டாள், அப்பா என்ன வேலை பாத்தாங்க பெரியப்பா என்று. அமலி கேக்கை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். சுவரில் கல்யாண போட்டோவில் அவன் காலர் பெரிதாக, கழுத்து சிறிதாக நின்றுகொண்டிருந்தான். கையைத் தூக்கினான், இறக்கினான் என்று ஒரு குழந்தையிடம் எப்படிச் சொல்வது, சொன்னால் அப்புறம் என்ன என்று கேட்குமே, அப்புறம் ஒன்றுமில்லையே, அவ்வளவுதானே அவன். வாய் தானாகத் திறந்தது. உங்கப்பன் ஹீரோடி. டிவியிலே. அவன் செட்டுக்குள்ளே வந்தால் கேமரா தானாகத் திரும்பும். முதல் ஷாட்டிலேயே குதிரையில் வந்தான். அடுத்த கிறிஸ்துமஸுக்கு யானை வந்தது, மாலை போட வந்த யானை இவன் ஜோக்கைக் கேட்டுப் பாகனைக் கீழே தள்ளிவிட்டுச் சிரித்தது. அதற்கடுத்த வருஷம் என்ன வந்ததோ ஞாபகமில்லை, கப்பல் வந்திருக்கலாம். எங்கே டிவியில் காட்டுங்க என்றால், வரலைம்மா, அதை வெளியிட்டா மத்தவங்க பிழைப்பு போயிடும்னு நிறுத்திட்டாங்க. அவள் நம்பினாள். கேட்டுக்கொண்டே தூங்கினாள். வளர்ந்து, என்ன படிக்கப்போகிறாய் என்றால் கேமரா படிக்கப்போகிறேன் என்றாள், எங்கப்பா அதுக்கு முன்னாடி நின்னவரு என்றாள். அங்கேதான் எனக்கு முதல்முறையாகப் பயம் வந்தது. வேடிக்கைக்கு ஊதிய பலூனில் ஒரு பெண் ஏறி உட்கார்ந்துகொண்டு ஊர்வலம் போகிறாள், ஊசி இப்போது அந்த அறைக்குள் இருக்கிறது.

இடி இடிக்கிறது. சாம்பார் ஊற்றிவிட்டார்கள். அப்படியென்றால் சந்தோஷ் பிரியன் வந்திருப்பான். அவன்தான் ஹீரோ, அசல் ஹீரோ, ஜிம் வைத்திருந்தவன், தயாரிப்பாளருக்கு என்னவோ உறவு, அழகன், வசனத்தைக் கண் டாக்டர் போர்டில் எழுத்து படிக்கிற மாதிரி படிப்பான். அவன் முகத்தைப் பார்த்த அந்த நொடியே இவளுக்குத் தெரிந்திருக்கும். கல்யாண போட்டோ இருக்கிறதே, அதைத் தினமும் பார்க்கிறாளே. மேக்கப் போட்டால் ஆளே மாறிவிடுவார்கள் என்று சொல்லிப் பார்க்கலாமா. எவ்வளவு மாறினாலும் இருதயத்துக்கு அரையடி உயரம் கூட்ட முடியாது. சரி, இது வேற கேசட், டூப்ளிகேட், அப்பா நடித்தது இன்னொன்று, அது துபாயில் இருக்கிறது, மதிவாணன் கொண்டுபோய்விட்டான். அப்படியென்றால் மதிவாணனைத் தேட ஆரம்பித்துவிடுவாள், இந்தக் காலத்துப் பிள்ளைகள் போனில் தட்டி மதிவாணன் இப்போது எந்தத் தட்டில் சாப்பிடுகிறான் என்றுகூடக் கண்டுபிடித்துவிடும். பேசாமல் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்துவிடலாமா. எழுபதைத் தாண்டியவனுக்கு அந்த ஒரு சலுகை இருக்கிறது. ஆனால் அமலி நர்ஸ், நாடியைப் பிடித்துப் பார்த்துவிட்டு, எழுந்து பூண்டை உரிங்க என்பாள். உள்ளே அழுகைச் சத்தம். அவளா? இல்லை, பல பேர், கூட்டமாக, ஒப்பாரி மாதிரி. ஓ, அது. அதுவும் இருக்கிறதா படத்தில். வெட்டவில்லையா. அன்றைக்கு நடந்த கூத்து எனக்கு இன்றைக்கும் கண்ணில் நிற்கிறது, இது மட்டும் சத்தியமாக நடந்தது. ஜனங்கள் உட்காருகிற கேலரியை நிரப்ப ஆள் கூட்டிவருகிற ஏஜெண்ட் அன்றைக்குத் தவறான வேனை அனுப்பிவிட்டான். வந்தவர்கள் எல்லாரும் குன்றத்தூர்ப் பக்கத்து அம்மாக்கள், வேறொரு நிகழ்ச்சிக்குப் பழகினவர்கள், குடும்பச் சண்டையைக் கூப்பிட்டு வைத்துப் பஞ்சாயத்து பண்ணுவார்களே, அந்த மாதிரி. அங்கே ஃப்ளோர்க்காரன், நம் இருதயம் மாதிரி ஆள், கையைத் தூக்கினால் அழ வேண்டும். அவர்கள் தொழிலில் சுத்தமானவர்கள். எங்கள் முதல் ஜோக்குக்கு இருதயம் கையைத் தூக்கினான், முந்தானையை எடுத்து அத்தனை பேரும் அழுதார்கள். அவன் பதறி இன்னும் உயரத் தூக்கினான், அவர்கள் இன்னும் உரக்க அழுதார்கள். இரண்டு கையையும் தூக்கிக் குதித்தான், ஒரு அம்மா மாரிலேயே அடித்துக்கொண்டாள். என் காட்சி வந்தது, ஓட்டுப்போட்டு வெளியே அனுப்பப்படுகிற தாத்தா, பெட்டியோடு நின்று தன்னுடைய டம்ளரிடம் விடைபெறுகிற காட்சி, முன்வரிசையில் ஒருத்தி எழுந்தே விட்டாள். "யாருப்பா இந்தப் பெரியவரு, பெத்த புள்ளைங்களா இப்பிடித் தொரத்துது, அடிங்கடா அவனுங்கள!" சந்தோஷ் பிரியன் பரணுக்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டான். மதிவாணன் மைக்கை வீசியெறிந்துவிட்டுக் கத்தினான், "யோவ் இருதயம், எதையாவது பண்ணுய்யா!" மறுபடி லைட் போட்டார்கள். அந்த லைட்டுக்கு முன்னால் நின்றால் கேலரி இருட்டுக் கிணறு மாதிரி, யார் முகமும் தெரியாது. நான் பெட்டியைத் தூக்கினேன், டம்ளரைக் கட்டிக்கொண்டேன், முதல் வரியை விட்டேன், அப்போது வந்தது பாருங்கள் ஒரு சிரிப்பு. தகரக் கூரை அதிர்ந்தது. அடுத்த வரி, மறுபடி. நான் வாயைத் திறக்கும் முன்னாலேயே சிரித்தார்கள், மூச்சு விட்டதற்குச் சிரித்தார்கள். அழுத கூட்டத்தை ஒரு டம்ளரை வைத்துத் திருப்பினவன் நான். ஷாட் முடிந்து வெளியே வந்தபோது இருதயம் சட்டை முழுக்க நனைந்து, தலையில் யாருடைய துண்டோ சுற்றி, மூச்சு வாங்கிக்கொண்டு நின்றான். எப்படிடா என்றேன். "பின்னிட்டீங்கண்ணே" என்றான். வெறுங்கையைத் தூக்கி இறக்கினவனுக்கு இவ்வளவு வியர்வையா என்று நான் கேட்கக்கூட இல்லை.

குக்கர் விசில் அடிக்கிறது, பாழாய்ப்போன குக்கர், சரியாக இந்த நேரத்தில், உள்ளே என்ன சத்தம் என்று கேட்காமல் செய்துவிட்டது. அடங்கினால் சிரிப்பு. கூட்டத்துச் சிரிப்பு, அதே சிரிப்பு, இத்தனை வருஷம் கழித்தும் எனக்குத் தெரியாதா என் சிரிப்பு. அதற்குள்ளே இன்னொரு சத்தம் இருக்கிற மாதிரி இருக்கிறது. "அமலி, அவ அழறாளா?" "பேசாம இருங்கண்ணே." அவளும் கத்தியை வைத்துவிட்டாள், அவளும் கேட்கிறாள். கையைத் தூக்குகிற வேலையே போதுமாக இருந்தது என்றாளே தவிர அவளுக்கும் உள்ளே என்னவோ ஓடுகிறது. அடுப்பை அணைக்க மறந்து நிற்கிறாள். இப்போது ஒன்றுமே கேட்கவில்லை. முடிந்துவிட்டதா, நிறுத்திவிட்டாளா. எனக்கு என்ன பயம் என்று யோசித்துப் பார்க்கிறேன், பொய்யன் என்பாள், சொல்லட்டும், அதற்கென்ன, என் பெண்டாட்டி இருந்தவரை தினம் மூன்று வேளை சொன்னாள், உடம்பு நன்றாகத்தான் இருந்தது. பயம் அது இல்லை. இருதயத்துக்கு இந்த உலகத்தில் மிச்சம் இருப்பது இந்தப் பெண்ணின் தலைக்குள் நான் கட்டிக்கொடுத்த இடம் ஒன்றுதான். அது சரிந்தால் அவன் மறுபடி சாவான். முதல் தடவை காய்ச்சல். இந்தத் தடவை நான். கையைத் தூக்குகிறவன் என்று நேராகவே சொல்லியிருந்தால் என்ன, அவன் எவ்வளவு அழகாகத் தூக்குவான், ஒரு விரல்கூட மற்றதை முந்தாது, அதைச் சொல்லி வளர்த்திருக்கலாமே, கிழவா, உனக்கு ஏன் குதிரை தேவைப்பட்டது. தாழ்ப்பாள்.

வந்து நிற்கிறாள். கண் சிவந்திருக்கிறது. நான் எழுந்துவிட்டேன், பூண்டெல்லாம் தரையில். "ஜெசி, மேக்கப் போட்டா ஆளே வேற மாதிரி..." "பெரியப்பா, கொஞ்சம் சும்மா இருங்க." சமையலறை வாசலிலேயே தரையில் உட்கார்ந்துவிட்டாள். "குதிரை வரலை" என்றாள். "எது?" "அப்பா குதிரையில வந்தாருன்னு சொன்னீங்கல்ல, வரலை. யானையும் வரலை. அதெல்லாம் வராதுன்னு எனக்கும் தெரியும். ஹீரோங்கறதையும் அந்தக் கணக்குலதான் வச்சிருந்தேன்." "எப்பலேர்ந்துடி?" "எட்டாவது படிக்கும்போதுலேர்ந்து." "அப்புறம் எதுக்குடி வருஷா வருஷம் சொல்லச் சொல்லிக் கேட்ட?" "நல்லா இருந்துச்சு, கேட்டேன்." அமலி வாயில் முந்தானையை வைத்துக்கொண்டாள், சிரிப்பா என்னவென்று தெரியவில்லை. "ஆனா அப்பாதான் பெரியப்பா" என்கிறாள் இந்தப் பெண், குரல் உடைகிறது, உடைந்த இடத்தில் சிரிக்கிறது. "படம் பூரா அப்பாதான். அந்தம்மாங்க எல்லாம் அழறாங்கல்ல, அப்பா கையத் தூக்கித் தூக்கிப் பாத்துட்டு, பிரயோஜனமில்லைன்னு, கேலரில ஏறி அவங்க நடுவுலயே போய் உக்காந்துட்டாரு. ஒரு பாட்டிகிட்டேர்ந்து துண்டைப் பிடுங்கித் தலையில போட்டுக்கிட்டு மருமக மாதிரி சாம்பார் ஊத்துறாரு. ஜட்ஜ் மாதிரி அழறாரு. அந்த ஹீரோ இருக்கான் பாருங்க, அவன் நடக்குற மாதிரியே நடந்து ஒரு பாட்டி மேல விழறாரு. ஜனங்களோட ரியாக்‌ஷன் எடுக்குறதுக்குன்னு ஒரு கேமரா இருக்கும்ல, அதுல அவ்வளவும் விழுந்திருக்கு. எடிட்டர் அங்கிள் என்ன பண்ணியிருக்காரு, ஹீரோ வாயைத் திறக்குறப்பல்லாம் அவனை வெட்டிட்டு அப்பாவைப் போட்டிருக்காரு. வசனம் அவன் குரல்ல ஓடுது, மூஞ்சி அப்பா. மூஞ்சிலயே எல்லாத்தையும் பண்ணுறாரு பெரியப்பா. எனக்கு வயிறு வலிக்குது." கண்ணைத் துடைத்துக்கொண்டு என்னை நிமிர்ந்து பார்த்தாள், கோபம் மாதிரிகூட இருந்தது அந்தப் பார்வை. "இவ்வளவு வருஷமா நீங்க கொறச்சுல்ல சொல்லியிருக்கீங்க?"

குறைத்துச் சொன்னேன் என்று என் ஆயுசில் யாரும் என்மேல் புகார் வைத்ததில்லை. ஸ்டூல் எங்கே என்று கையால் தேடி உட்கார்ந்தேன். இத்தனை வருஷத்துப் பயமும் கால் வழியாக இறங்கி ஓடுகிறது, நீளமாக, குளிர்ச்சியாக, வெயிலில் நடந்து வந்து குழாயடியில் காலை நீட்டின மாதிரி. போகட்டும். அப்பாடா. இருதயம் இருக்கிறான், என் தயவு இல்லாமலே இருக்கிறான், குதிரை வேண்டாம், யானை வேண்டாம், நான் வேண்டாம். சேனல்காரர்கள் ஏன் எழுந்து போனார்கள் என்பதும் இப்போதுதான் விளங்குகிறது, தயாரிப்பாளரின் உறவுக்காரன் முகமே இல்லாமல் கைதட்டச் சொல்கிறவன் முகமாக ஓடினால் எந்த முதலாளி ஒத்துக்கொள்வான். அப்புறம்தான் மெதுவாக இன்னொன்று உறைத்தது. "ஏம்மா, நான் டம்ளரைக் கட்டிப்பிடிச்சுக்கிட்டு ஒரு சீன் வருமே, அதுக்கு பயங்கரமா சிரிப்பாங்களே." "அதுவா? அங்கதான் அப்பா ரொம்ப நேரம் வர்றாரு. பக்கத்துப் பாட்டியோட சொம்பை எடுத்துக் கட்டிப்பிடிச்சுக்கிட்டு அதுகிட்ட என்னமோ பேசுறாரு, அந்தப் பாட்டி அதைப் புடுங்கப் பாக்குது. உங்களை ஒரு தடவை காட்டுறாங்க. முதுகு." முதுகு. அத்தனை சிரிப்பும் எனக்குப் பின்னால், இல்லை, எனக்கு முன்னால், அந்த இருட்டுக் கிணற்றுக்குள்ளே இவன் தலையில் துண்டோடு குதித்ததற்கு வந்தது. நான் மூச்சு விட்டதற்கு இல்லை. நனைந்த சட்டையோடு நின்று என் கண்ணைப் பார்த்துப் பின்னிட்டீங்கண்ணே என்றானே, பாவி. அவன் எனக்கும் ஒன்று சொல்லி வைத்திருக்கிறான். வாழ்க்கையில் ஒரே ஒரு பொய், அதில் பதினெட்டு வருஷம் என்னை உட்கார்த்தி வைத்திருக்கிறான், என்னைவிடச் சுத்தமாக, ஒரு யானைகூடச் சேர்க்காமல். சிரிப்பு வந்துவிட்டது எனக்கு, தனியாக, நிற்காமல். அமலி அடுப்பை அணைத்தாள். கையைக்கூடத் துடைக்காமல், யாரையும் பார்க்காமல், அந்த அறைக்குள் போய் லேப்டாப்புக்கு முன்னால் உட்கார்ந்து, "இதை முதல்லேர்ந்து எப்பிடிடி போடுறது?" என்று அங்கிருந்தே கேட்டாள். "நடுவுல இருக்குற முக்கோணத்தை அமுக்கும்மா" என்றாள் இவள், எழுந்திருக்காமல். டண்டணக்கா ஆரம்பித்தது. அம்மா தனியாகப் பார்க்கட்டும் என்று நினைத்தாளோ என்னவோ. நான் தரையில் சிதறின பூண்டைப் பார்த்துக்கொண்டே தொண்டையைச் செருமினேன். "ஜெசி, அன்னைக்கு அவனை கேலரில ஏறச் சொன்னது யாருன்னு நெனைக்கிற?" "யாரு?" "அண்ணே!" என்று உள்ளேயிருந்து ஒரு அதட்டல். "அவங்க கெடக்குறாங்க" என்று ஜெசிந்தா ஸ்டூலுக்குப் பக்கத்தில் நகர்ந்து வந்து உட்கார்ந்தாள். "நீங்க சொல்லுங்க பெரியப்பா."